செங்கல்பட்டு சாலையின் இடது ஓரம்

செங்கல்பட்டில் வேலை தொடங்கிய முதல் நாளே, காலை பத்து மணிக்குள், எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

நான் மலேசியாவில், ஈப்போவில், ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில் சோதனை மிஷின் ஓட்டுகிறவள். 2003ஆம் வருஷம் ஆடி மாதத்தில் பத்து நாள் வேலையாக என்னைச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே நீளமாக ஒரு மர பெஞ்சு கிடந்தது. அவர் வரும்வரை உட்காருவோமே என்று உட்கார்ந்தேன். நீலப் புடவை கட்டிய ஓர் அம்மாள் பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு தலையாகப் பின்னால் சாய்த்து, கீழிமையை இழுத்து, சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் என் தலையும் சாய்ந்தது. "நான் பேஷண்ட் இல்லைங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கண்ணும் எரிந்தன.

"பேஷண்ட் இல்லன்னா இன்னாத்துக்குமா பெஞ்சுல குந்துன?" என்றார் அந்த அம்மாள். அவர் பெயர் சரோஜா. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த தலைக்குப் போய்விட்டார்.

அது கண்மணியை விரியவைக்கும் மருந்து. டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்க அது வேண்டும். மருந்து வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். மதியத்துக்குள் கூட்டத்தை முடித்தாக வேண்டும். ஆகவே பெஞ்சில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் சொட்டு என்பது அந்த ஆஸ்பத்திரியின் நடைமுறை. கண் காட்ட வந்தவருக்குத் துணையாக வந்தவர்கள்கூட இதற்குப் பயந்து வாசலிலேயே நிற்பார்களாம். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அன்று மாலைவரை கையெழுத்துப் போடும் இடம்கூடத் தெரியாமல் எல்லாவற்றையும் கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது.

அந்தக் கூச்சத்தோடுதான் ஏழுமலையின் காரில் முதல் தடவை ஏறினேன். மாமல்லபுரத்தில், மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு அறை போட்டிருந்தார்கள். தினமும் காலையில் கூட்டிவந்து மாலையில் கொண்டுபோய் விடுவதற்கு ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்த வாடகைக் காரின் டிரைவர் அவர். நாற்பத்திரண்டு வயது, நன்றாக வெளுத்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி.

"நாஸ்தா ஆயிடுச்சா மேடம்?" என்பதுதான் தினமும் காலையில் அவர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. எங்கள் ஊரில் "பசியாறியாச்சா" என்று கேட்போம். அங்கே பசியாறுவது என்றால் தேங்காய்ப் பால் சோறும் நெத்திலி சம்பலும். இங்கே இட்லிக்கு வடகறி. முதல் நாள் முகத்தைச் சுளித்தேன். மூன்றாம் நாள் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினேன். டீயை மட்டும் கடைசிவரை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாலு வாயில் தீர்ந்துபோகிற ஒரு டம்ளர் டீக்காக நாலு பேர் நின்று அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

முதல் நாள் மாலை, திருக்கழுக்குன்றம் தாண்டியதும், வெள்ளரிப் பிஞ்சு விற்கிற தள்ளுவண்டி ஒன்றின் மூலையைக் காரின் இடது பக்கம் உரசியது. பிஞ்சுகள் ரோட்டில் உருண்டன. வண்டிக்காரர் ஏழுமலையின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். ஏழுமலை இறங்கிப் போய்ப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சின்னே தெர்ல மேடம்" என்றார்.

"நானும் பார்க்கலை. எனக்குத்தான் சொட்டு மருந்து. உங்களுக்கு என்ன?" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள், வியாழக்கிழமை, ரோட்டோரம் சாத்தி வைத்திருந்த சைக்கிள் ஒன்று இடது பக்கக் கண்ணாடியில் மாட்டி விழுந்தது. அன்றும் அதே வசனம். "இது எங்கேர்ந்து வந்துச்சி மேடம்?" நான் கேலியாக, "உங்க ஊரில் எல்லாமே இடது பக்கத்திலிருந்துதான் வருமா?" என்று கேட்டேன். மலேசியாவில் இப்படி ஓட்டினால் போலீஸ் லைசென்ஸைப் பிடுங்கிவிடும் என்றும் சொன்னேன். நானும் பெரிய ஓட்டுநர் ஒன்றும் இல்லை. ஆனாலும் வெளியூர் போனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும்.

அன்றுதான் கல்பாக்கம் அணுமின் நிலையத்து ஊழியர்களை ஏற்றிப்போகும் பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. ஜன்னலோரமாக வரிசையாகத் தூங்கும் முகங்கள். ஏழுமலை அந்த பஸ் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"அந்த மாதிரி பஸ்ஸுக்குத்தான் மேடம் எழுதிப் போட்டு கீறேன். டெஸ்டு ஓட்டிக் காட்டியாச்சு. வர்ற திங்கக்கெழம இல்ல, அடுத்த திங்கக்கெழம மெடிக்கல். அது ஒண்ணுதான் பாக்கி. அது பாஸாயிட்டா மாசச் சம்பளம், யூனிபாரம். எங்க அப்பா அடுத்தவன் நெலத்துல குனிஞ்சே செத்தாரு மேடம். எங்க வூட்ல மொத யூனிபாரம் நானாத்தான் இருப்பேன்."

"மெடிக்கலில் என்ன பார்ப்பாங்க?"

"கண்ணுதான். கீழ் வரி வரைக்கும் படிக்கணும். அது நான் இங்கேர்ந்தே படிப்பேன்." எதிரே வந்த லாரியின் நெற்றியில் எழுதியிருந்ததைத் தூரத்திலிருந்தே படித்துக் காட்டினார். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விழித்திரையில் ஒளி பட்டால் அதிலிருந்து மிகச் சின்ன அளவில் மின்சாரம் கிளம்பும். இமைக்குள் ஒரு மெல்லிய நூலை வைத்து அதைப் பிடித்துக் கோடாக வரைய முடியும். விழித்திரையில் ஒளியை வாங்குகிற செல்கள் ஒரு வகை. வாங்கியதை மூளைக்கு எடுத்துப்போகிற நரம்புச் செல்கள் வேறு வகை. கண்ணில் நீர் அழுத்தம் ஏறும் நோயில் சாவது இந்த இரண்டாவது வகை. வலி இருக்காது, சிவக்காது. ஓரத்திலிருந்துதான் பார்வை போகும். நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரியவே தெரியாது.

இந்தச் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க இரண்டு சோதனைகள் இருந்தன. ஒன்று பழையது. திரையில் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிக்கொண்டே இருக்கும். கட்டங்கள் பளிச்சென்று தெரிந்தால்தான் அது செல்லும். அதனால் சொட்டு மருந்து விடவே கூடாது. இன்னொன்று அப்போது புதிது. வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நீல வெளிச்சத்துக்கு நடுவே சிவப்பு மின்னல் அடிக்க வேண்டும். இதற்குச் சொட்டு விட்டாக வேண்டும். கோட்டில் முதலில் ஒரு பள்ளம், பிறகு ஒரு பெரிய மேடு, மேடு இறங்கியதும் ஒரு சின்னப் பள்ளம் வரும். அந்த முதல் பள்ளமும் மேடும் மற்ற செல்களுடையவை. கடைசியில் வருகிற சின்னப் பள்ளம்தான் நமக்கு வேண்டிய நரம்புச் செல்களுடையது. ஒரே ஆளுக்கு இரண்டையும் செய்து, எது நம்பகமானது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். இதற்குத்தான் இரண்டு பெட்டி நிறைய சாமான்களோடு கடல் தாண்டி வந்திருந்தேன்.

ஈப்போவில் குளிரூட்டிய அறையில் இதைச் செய்வது பெரிய காரியமில்லை. இங்கே மின்விசிறி சுற்றினால் கோடு நடுங்கியது. விசிறியை நிறுத்தினால் வியர்வையில் நெற்றியில் ஒட்டிய ஒயர் வழுக்கியது. இரண்டும் சரியானபோது கரண்ட் போனது. கொஞ்ச தூரத்தில் அணுமின் நிலையம் இருக்கிற ஊரில் கரண்ட் போகுமா என்று கேட்டேன். "அது நமக்கில்ல மேடம்" என்றார் சரோஜா, டார்ச்சைத் தேடிக்கொண்டே.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி சரோஜாவின் பெஞ்சு. முதல் இரண்டு நாளில் நான் தேர்ந்தெடுத்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் வரும்போதே சொட்டோடு வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். என் அறை வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். சரோஜா ஊருக்கே அறிவித்தார்: "பெஞ்சுல குந்துனா சொட்டு. சேர்ல குந்துனா சொட்டு கெடயாது." அன்றிலிருந்து ஒரு தவறும் நடக்கவில்லை, சனிக்கிழமைவரை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயாளிகள் மட்டும் போதாது. நல்ல கண்ணுள்ளவர்களும் வேண்டும். அந்தப் பட்டியலில் ஓர் ஆள் குறைந்தது. ஏழுமலையைக் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"ஃபாரின் மிஷின்ல பார்த்த சீட்டு ஒண்ணு கெடைக்குமா மேடம்? மெடிக்கல்ல காட்டலாம்."

"கண் நல்லா இருந்தா தாராளமா."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது மேடம்."

நல்ல கண் என்று பட்டியலில் சேர்ப்பதற்கு முன் டாக்டரம்மா கண் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. சனிக்கிழமை அவர் ஆபரேஷன் அறையில் இருந்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஏழுமலையைச் சிவப்பு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே மிஷினைத் தயார் செய்தேன். அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், நாற்காலி காலி. ஆள் பெஞ்சின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரோஜா விட்ட சொட்டு கன்னத்தில் வழிந்திருந்தது.

"நாற்காலியில் உட்காரச் சொன்னேனே!"

"டாக்டரம்மா ரூமுக்கு எதிர்க்க சேர்ல எப்டி மேடம் குந்துறது?" என்றார். சொன்ன விதத்தில் வருத்தம் எதுவும் இல்லை. இதுகூடத் தெரியாதா என்று கேட்பது போலத்தான் இருந்தது. பெரியவர்கள் அறைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதை அவர் எங்கே, எந்த வயதில், யார் வாயிலிருந்து கற்றார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சரி, வந்ததே வந்தார் என்று இரண்டு சோதனையும் செய்தேன். கட்டங்கள் சோதனையில் கோடு கிட்டத்தட்டத் தட்டையாக வந்தது. சொட்டு விட்ட கண்ணுக்குக் கட்டங்கள் கலங்கித்தானே தெரியும்? "சொட்டு விடப்பட்டது, சேர்க்க வேண்டாம்" என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டேன். சிவப்பு மின்னல் சோதனையில் மேடு அழகாக, உயரமாக எழுந்தது. அடுத்த ஆள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடைசிச் சின்னப் பள்ளத்தைக் கருவியில் அளந்துதான் சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது என்று எங்கள் ஊரில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். அன்று நான் கண்ணால் பார்த்துச் சொன்னேன்.

"பிரமாதமான கண். இந்த மேட்டைப் பாருங்க" என்றேன்.

கோட்டை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். கையெழுத்தும் கேட்டார். "நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாலையில் என்னை ஏற்றிக்கொள்ள வந்தபோது அது லேமினேட் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆடி ஞாயிறு, அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி, ஏரிக்கரையோரம் ஓட்டு வீடு. தெருவெல்லாம் ஒலிபெருக்கி. அவர் மனைவி சாந்தி அச்சரப்பாக்கத்துக்காரர். எனக்குச் சொம்பில் கூழும் தட்டில் கருவாட்டுக் குழம்பும் வைத்துவிட்டு, "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுத்தீங்களாமே மேடம். பொட்டியில வெச்சி பூட்டி கீறாரு" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது சொம்பும் குடித்தேன்.

ஏழுமலையின் தம்பி ரவியை அங்கேதான் பார்த்தேன். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். அண்ணனைவிட நாலு வயது இளையவர், அண்ணனைவிட வேகம். தம்பிக்கு அண்ணன்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம்.

அன்று மாலை லாட்ஜுக்குத் திரும்பி, வெளிச்சம் இருக்கும்போதே வராந்தாவில் உட்கார்ந்து அதுவரை எடுத்த கோடுகளை அளக்க ஆரம்பித்தேன். கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. குப்பத்துப் பெண்கள் வலையில் சிக்கிய நண்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பதினாலாம் எண் ஏழுமலை. மேட்டை அளந்தேன். நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு வருகிற பள்ளத்துக்குப் போனேன். வலது கண்ணில் இருக்க வேண்டியதில் கொஞ்சம்தான் இருந்தது. இடது கண்ணில் பள்ளமே இல்லை.

கருவியில் கோளாறோ என்று அதே நாள் எடுத்த மற்றவர்களின் கோடுகளை அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. திரும்பவும் பதினாலை அளந்தேன். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். வெள்ளரிப் பிஞ்சும் சைக்கிளும் ஞாபகத்துக்கு வந்தன. இடது பக்கத்தைப் பற்றி நான் அடித்த கிண்டலும் வந்தது. இருபது வருஷம் இதே வேலை பார்க்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோயைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் காலையில் அவர் காரில்தான் நான் போக வேண்டும்.

போனேன். வேறு என்ன செய்வது? முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து, "மெதுவா போங்க, அவசரமில்லை", "அங்கே ஒரு மாடு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். "மேடம் இன்னிக்கு ரொம்ப பயப்படுறீங்கோ" என்று சிரித்தார்.

டாக்டரம்மாவிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன், நான் கொடுத்த தாளைப் பற்றியும். அவர் என்னைத் திட்டவில்லை. "முதல்ல சொட்டில்லாம கட்டத்தைப் பாருங்க. அப்புறம் நான் பார்க்கிறேன்" என்றார். ஏழுமலையைச் சிவப்பு நாற்காலியில் நானே கையைப் பிடித்து உட்காரவைத்தேன். முழுதாக உட்காரவில்லை. நுனியில் ஒட்டிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சனிக்கெழம நல்லா கீதுன்னீங்களே மேடம்?"

"அன்றைக்குச் சொட்டு விட்டாச்சு இல்லையா, அதனால் இன்னொரு தடவை." அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

சொட்டில்லாத கண். கட்டங்கள் பளிச்சென்று தெரிவதாகச் சொன்னார், கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று எண்ணிக்கூடக் காட்டினார். கோடு சனிக்கிழமை மாதிரியே தட்டையாக வந்தது. இரண்டு சோதனையும் ஒன்றையே சொல்லின. நான் எந்த வேலைக்காக வந்தேனோ அதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. என் பட்டியலில் இவ்வளவு பொருத்தமாக வேறு எந்த எண்ணும் அமையவில்லை. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

டாக்டரம்மா அழுத்தத்தைப் பார்த்தார். கண்ணுக்குள் நரம்பைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்து, மறைக்காமல் சொன்னார். போன பார்வை போனதுதான். தினமும் சொட்டு விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இடது பக்க ஓரம் முழுக்கத் தெரியவில்லை. இனி வண்டி ஓட்டக் கூடாது. பஸ் கூடவே கூடாது.

ஏழுமலை எழுந்து சுவரில் இருந்த எழுத்துப் பலகைக்கு எதிரே நின்றுகொண்டார். யாரும் கேட்காமலேயே மேலிருந்து கீழ்வரை படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"படிக்கிறேனே டாக்டரம்மா. எல்லாம் தெரியுதே. எங்க தெர்ல?"

டாக்டரம்மா பேனாவை எடுத்து அவர் இடது காதுப் பக்கமிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். "தெரிஞ்சதும் சொல்லுங்க." பேனா மூக்குக்குக் கிட்டே வரும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. 

"ஏழுமலை, உங்களோட கூடப்பிறந்தவங்க யாராவது?"

"ஒரு தம்பி."

"அவரையும் கூட்டிட்டு வாங்க. இது ரத்தத்துல வர்றது. அவசியம் பார்க்கணும்."

மாலை நாலு மணிக்குக் கார் வாசலில் நின்றது. சாவி ஏழுமலையின் கையில் இருந்தது. நான் ஏறவில்லை. அவரும் ஏறச் சொல்லவில்லை. எதிர்க் கடையின் எஸ்டிடி பூத்திலிருந்து ரவிக்குப் போன் செய்தார். ரவி வரும்வரை இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரோஜா சொட்டு மருந்தோடு வந்தார். இந்தத் தடவை அது வேறு புட்டி.

"இனிமே நீயேதான் வுட்டுக்கணும். தலைய சாய்ச்சிக்கோ. இமைய இழு. ஒரே ஒரு சொட்டு. கை ஆட்டாத" என்று சொல்லிக்கொடுத்தார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது நெற்றியில். "பரவால்ல, பழகிடும்" என்று முதல் தடவையாகச் சரோஜா குரலைத் தாழ்த்திப் பேசிக் கேட்டேன்.

அந்தத் தாளை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பைத்தான் முதலில் கேட்டேன். நான் பார்க்காமல் எழுதிவிட்டேன், அது என் தப்பு என்றேன். அவர் காரைத் திறந்து டேஷ்போர்டிலிருந்து லேமினேட் செய்த தாளை எடுத்துவந்து கொடுத்தார். மெடிக்கலுக்கு நகல் எடுத்து வைக்கப் பெட்டியிலிருந்து அன்று காலையில்தான் காருக்கு மாற்றினாராம்.

"இத குடுத்த அன்னிக்கி நல்லா தூங்குனேன் மேடம்" என்றார்.

அடுத்த நாலு நாளும் ரவிதான் ஓட்டினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. லாட்ஜ்காரர் வஞ்சரம் வறுத்து வைத்ததை அப்படியே திருப்பி அனுப்பினேன். மாமல்லபுரத்துக்குப் போயும் சிற்பங்களைப் பார்க்கவில்லையா என்று ஈப்போவில் இன்றும் கேட்கிறார்கள். கல் உளிச் சத்தத்தைக் கேட்டேன், அவ்வளவுதான். தினமும் காலையில் ரவியிடம் டாக்டரம்மா சொன்னதை ஞாபகப்படுத்தினேன். தினமும் "பாத்துக்கலாம் மேடம்" என்றார்.

வெள்ளிக்கிழமை விமானம். ஆஸ்பத்திரி வாசலில் மிஷின் பெட்டிகளை டிக்கியில் ஏற்றினோம். ஏழுமலையும் வழியனுப்ப வந்தார். முன்சீட்டில் இடது பக்கம், தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே வெள்ளைச் சட்டை. பரனூர் தாண்டியதும் அவராகவே பேசினார்.

"பஸ் ஆபீஸ்ல என் எடத்துக்கு இவன அனுப்பச் சொல்லிட்டாங்கோ மேடம். இவனும் டெஸ்டு ஓட்டிக் காட்டிட்டான், பேர மாத்தி எழுதிக்கினாங்கோ. திங்கக்கெழம மெடிக்கல் இவனுக்கு. வூட்ல ஒரு யூனிபாரம் வந்தா சரி."

நான் ரவியின் சீட்டுப் பக்கம் குனிந்தேன். "ரவி, அதுக்கு முன்னாடி டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. அரை மணி நேர வேலை."

"இன்னாத்துக்கு மேடம்? அங்க போனா எதனா சொல்லுவாங்கோ. அப்பால வேலை பேஜாரு ஆயிடும். கடைசி வரி நான் படிச்சிப் பாத்துட்டேன்."

"அவருகிட்ட சொல்லுங்க ஏழுமலை" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மாசச் சம்பளமும் யூனிபாரமும் இரண்டாவது தடவையும் கை நழுவிப் போக வேண்டும் என்று எந்த அண்ணன் சொல்வார்? ரவி ஹாரன் அடித்து ஒரு லாரியை முந்தினார்.

சிங்கப்பெருமாள் கோயில் நெருங்கும்போது கூட்டம். ஷிப்டு விட்ட நேரம். வரிசையாக சைக்கிள்கள், வேன்கள். இடது பக்கமாக ஒரு பெரியவர் சைக்கிளின் பின்னால் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு போனார். நான் பின்சீட்டிலிருந்து அவரை நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள், பச்சை, நீலம் என்று பத்திருபது குடங்கள். தெரியாமல் போவதற்கு வழியே இல்லை. கார் இடது பக்கம் ஒதுங்கியது. ஒதுங்கிக்கொண்டே போனது.

"ரவி!" என்று நான் கத்துவதற்குள் குடங்கள் கதவில் உரசிப் படபடவென்று சாலையில் சிதறின. பெரியவர் ஒற்றைக் காலை ஊன்றி விழாமல் நின்றுவிட்டார். ரவி பிரேக் அடித்தார். குடங்கள் உருள்வதைக் கண்ணாடியில் பார்த்தார். முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"இது எங்கேர்ந்து வந்துச்சி?" என்றார்.

 ஏழுமலை மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார். வலது ஓரத்திலும் பார்வை குறைந்திருந்ததால், தம்பியின் முகம் தெரிய முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

"ஓரங்கட்டு."

"ஒண்ணியும் இல்லணா, அந்தாளுக்கு அடி படல."

"ஓரங்கட்டுடா. மேடம வேற வண்டியில ஏத்தி வுடலாம். நீ என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்ற."

"எதுக்குணா? எனக்கு நல்லாத்தான் தெரியுது."

ஏழுமலை கையை நீட்டி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்குந்தான்டா நல்லா தெரியுது" என்றார்.